லயத்து நடுவே ஓடிய எண்ணெய் டிராலி

1. பதினோரு பாட்டுத் தூரம்

பிரேக்கை விட்டுவிட்டு ஓடு என்று என் கை எனக்குச் சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன். ரயில் வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு முதலில் கற்பிப்பது பிரேக் பிடிப்பதைத்தான். நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒரு நண்பகலில் அதைப் பிடிக்காமல் விட்டதே. ஆயினும் அந்த நண்பகலைச் சொல்லுமுன் பாதையைச் சொல்லியாக வேண்டும்.

மலாயாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் டிராலி பிரேக்மேனாக இருந்தேன். மேட்டின் உச்சியில் ஸ்டோர். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, நாங்கள் 'ரொட்டி' என்னும் தகடுகளாக்கிப் புகை போடுகிற இடம் அது. கீழே, பெரிய ரயில் பாதையை ஒட்டி ஒரு சைடிங், சரக்கு மாற்றும் கிளைப்பாதை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்குச் சிறிய தண்டவாளம். சண்டைக்கு முன்னால் எஞ்சின் ஓடியது. ஜப்பானியர் வந்தபின் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. ரொட்டி ஏற்றிய மூன்று டிராலிகளைச் சங்கிலியால் பிணைத்துச் சரிவில் விடுவோம். தம் கனத்தாலேயே அவை ஓடும். கடைசி டிராலியின் பின்பலகையில் நின்று பிரேக்கைப் பிடிப்பது என் வேலை. வெற்று டிராலிகளை மாடுகள் மேலே இழுத்து வரும்.

என்னிடம் கடிகாரம் இல்லை. பதிகம் இருந்தது. இளமை முதல் ஓதி நெஞ்சில் தங்கிய பதிகங்களுள் ஒன்றை, பதினோரு பாட்டு கொண்டதை, ஒரே நடையில் பாடிக்கொண்டு இறங்குவேன். மூன்றாம் பாட்டில் சரிவு தொடங்கும். ஐந்தாம் பாட்டின் முதலடியில் பிரேக்கைப் பாதி பிடிக்க வேண்டும். ஏழாம் பாட்டு முழுதும் லயத்து நடுவே. எட்டாம் பாட்டில் ஓடையின் மேல் மரப்பாலம். பதினோராம் பாட்டு முடியும்போது சைடிங்கில் நிற்க வேண்டும். நடை தப்பினால் வேகம் தப்பிவிட்டது என்று பொருள். இறைவன் திருப்பெயரை வேகமானியாக்கிவிட்டானே என்று கங்காணி கேலி செய்வார். அவன் பெயரால் அளக்கக் கூடாதது ஒன்றும் உலகில் இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். தோட்டத்தில் எனக்குப் 'பாட்டுச் சாமி' என்றே பெயர்.

கீழ் லயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருந்த இரண்டு வரிசை அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், நடுவில் தண்டவாளம். டிராலியிலிருந்து கையை நீட்டினால் கொடியில் காயும் துணி படும். வாசல்தோறும் அடுப்பு. ரப்பர் மட்டும் ஓடிய காலத்தில் போட்ட அடுப்புகள் அவை. இரும்புப் பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும்போது பொறி பறக்கும்; அதைப் பார்க்கவே பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். மூன்றாம் வீடு என்னுடையது. என் மனைவி மீனாட்சி அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

2. ரொட்டியிலிருந்து பெட்ரோல்

ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் ஸ்டோருக்கு வந்து இறங்கினார். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழாய். லோரியில் கொண்டுவந்த இரும்புக் கொப்பரைகளை அடுப்பேற்றினார். அவற்றில் ரப்பர் ரொட்டிகளைப் போட்டு மூடி, அடியில் விறகு எரித்து, எழுந்த ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வளைத்த குழாய் வழியே செலுத்தினார். ஸ்டோர் ஆட்கள் அத்தனை பேரும் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு நூலாக ஓடியது. மரத்திலிருந்து பால், பாலிலிருந்து ரொட்டி, ரொட்டியிலிருந்து பெட்ரோல் என்று எங்களுக்குத் தலை சுற்றியது. அவர் ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். கரண்டி நிற்கும் இடமே தெரியாதபடி சுவாலை எழுந்தது. அன்று முதல் அவர் எங்களுக்கு 'எண்ணெய்த் துரை' ஆனார்.

அந்த எண்ணெய் யாருடைய லோரிகளுக்குப் போகிறது என்பதை அறியாதவர்கள் அல்லோம். தடுக்கும் வலிமை எங்களிடம் இல்லை. வடக்கே சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பெயர் பட்டியலில் ஏறினால் போனவர் திரும்புவதில்லை.

எண்ணெயை டிரம்களில் நிரப்பி என் டிராலியில்தான் சைடிங்குக்கு இறக்க வேண்டும்; டிரம்களின் வாயை அடைக்க வாஷர் இல்லை. "ஏதாவது செய்" என்று உத்தரவு என்னிடம் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் அடைப்புக்கு வேறு எதைத் தேடுவான்? ஒழுகும் கூரைக்கும் ஓட்டை வாளிக்கும் நாங்கள் ரப்பரைத்தான் வைப்போம். நல்ல தடித்த ரொட்டியாகப் பார்த்து வட்டம் வட்டமாக வெட்டி, டிரம்மின் வாயில் வைத்து மூடியை முறுக்கினேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எண்ணெய்த் துரை பார்த்துத் தலையசைத்தார். அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்று எண்ணினாலும் வெட்கமாக இருக்கிறது.

3. பின்னால் வந்த நெருப்பு

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாளா பன்னிரண்டாம் நாளா, நினைவில்லை. பால் வெட்டித் திரும்பிய பெண்கள் மரவள்ளிக் கிழங்கை அடுப்பேற்றியிருந்த வேளை. ஏழாம் பாட்டில் லயத்தைக் கடந்தேன். மீனாட்சி வாசலில் நின்று கையசைத்தாள். எட்டாம் பாட்டைத் தொடங்க வாயைத் திறந்தபோது முதுகுப்புறம் ஓர் ஓசை. ஈரத் துணியை உதறுவது போன்ற ஓசை. திரும்பிப் பார்த்தேன்.

தண்டவாளத்தின் நடுவே, நான் வந்த வழியே, நீலமும் மஞ்சளுமாக நெருப்பு என்னைப் பின்தொடர்ந்து ஓடி வந்துகொண்டிருந்தது.

நான் வெட்டிய வாஷர்களே காரணம். தன்னிடமிருந்து பிறந்த எண்ணெய்க்கு ரப்பர் தாங்காது என்பதை நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. எண்ணெய் பட்டுப் பட்டு அது ஊதி, குழைந்து, களியாகிவிட்டது. சொட்டுச் சொட்டாகப் பாதை நெடுகிலும் எண்ணெய். ஏதோ ஓர் அடுப்பிலிருந்து தெறித்த கங்கு அதில் விழுந்திருக்கிறது.

பிரேக்கைப் பிடித்தால் சக்கரத்தில் பொறி பறக்கும்; பொறிக்கு மேலே ஒழுகும் டிரம்கள். பிடிக்காவிட்டால் பாலத்தைத் தாண்டிய வளைவில் டிராலி கவிழலாம். என் கை முந்திக்கொண்டது. பிரேக்கை முழுதும் விட்டுவிட்டேன். டிராலிகள் பாய்ந்தன. சங்கிலிகள் அலறின. மரப்பாலத்தின் மேல் ஏறியபோது சொட்டுகள் கட்டைகளின் இடுக்கு வழியே ஓடைக்குள் விழுந்தன. பின்னால் வந்த நெருப்பு பாலத்தின் முனை வரை ஓடி வந்து, மேலே பிடிக்கப் பாதை இல்லாமல் தண்ணீரில் இறங்கிற்று. நீரின் மேல் எரிந்தபடியே அது ஓட்டத்தோடு மிதந்து போனதை என் இரு கண்களாலும் கண்டேன். அதற்குப் பிறகே பிரேக்கைத் தொட்டேன். வளைவில் இடப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்து, எப்படியோ மறுபடி உட்கார்ந்தன. வாய் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. எந்தப் பாட்டு என்று இன்றும் தெரியாது.

டிராலியைச் சைடிங்கில் விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். இரண்டு வீடுகளின் கூரை ஓரம் கருகியிருந்தது. கொடித் துணிகள் சாம்பல். பெண்கள் மண்ணை வாரி வாரிக் கொட்டி நெருப்பை அணைத்திருந்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை. மீனாட்சி, முழங்கை வரை செம்மண்ணோடு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நிக்காம போனதுதான் நல்லதுங்க," என்றாள். "இங்க நிறுத்தியிருந்தா லயமே இருந்திருக்காது."

எதிர் வீட்டு அஞ்சலை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கணவரைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், அதிகம் பேசாதவர்.

"பாட்டுச் சாமி, ரப்பர் வண்டின்னுதான் வாசலை விட்டுக் குடுத்தோம். இது ரப்பர் வண்டி இல்லையே," என்றார்.

4. மணி அடித்தால் அடுப்பை அணை

நெருப்பைப் பற்றிக் கேட்ட எண்ணெய்த் துரை டிரம்களைப் பார்க்கவில்லை, அடுப்புகளைப் பார்த்தார். சயாமுக்கு அஞ்சி நானும் வாஷரின் கசிவைச் சொல்லாமல் மறைத்தேன். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்ததும் லயத்தில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட வேண்டும், டிராலி கடந்து அரை மணி நேரத்துக்குப் பற்ற வைக்கக் கூடாது என்பது உத்தரவு. சிரம்பான் நகரில் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்வந்த, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா அதைத் தமிழில் படித்துக் காட்டினார்.

அரிசி கண்ணில் படாத நாள்கள். கிழங்குதான் உணவு. கசப்புக் கிழங்கு நன்றாக வேகாவிட்டால் விஷம். பெண்கள் கிழங்கை அடுப்பேற்றிய நேரம் பார்த்து மணி அடித்தது. பாதி வெந்த பானையின் கீழ்த் தண்ணீர் ஊற்றினார்கள். பசி பொறுக்காத பிள்ளைகள் அந்த அரைவேக்காட்டைத் தின்றன. மூன்றாம் நாள் ஒரே வரிசையில் ஐந்து பிள்ளைகள் வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தன. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தன.

அன்று மாலை குழாயடியில் பெண்கள் கூடினார்கள். தண்டவாளத்தில் உட்காரலாம் என்றார் ஒருவர். உட்கார்ந்தால் தலை இருக்காது என்றார் இன்னொருவர். கங்காணி, நாமே லயத்தைக் காலி செய்துகொண்டு மேட்டுக்குப் போய்விடலாமே என்றார். எட்டு மாதக்காரி எங்கே போவாள் என்று மீனாட்சி கேட்டாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். ஆத்தாளுக்குக் காப்புக் கட்ட வேண்டிய மாதம் இதுதானே?

லயத்தின் தலைமாட்டில், தண்டவாளத்துக்கு ஆறடி தள்ளி, மாரியம்மன் சந்நிதி. எங்கள் தோட்டத்து வழக்கப்படி காப்புக் கட்டியதிலிருந்து திருவிழா முடியும் வரை சந்நிதி முன்னால் நெருப்பு அணையக் கூடாது. விரதமிருக்கும் வீடுகளிலும் அடுப்பு அவியக் கூடாது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மணி அடித்தாலும் ஆத்தா நெருப்பை அணைக்க வேண்டியதில்லை.

அம்மையின் பெயரை ஒரு வழக்குக்காக எடுக்கலாமா என்று என் மனம் குழம்பியது. பிறர் பிழைக்க நஞ்சைத் தானே அருந்திக் கழுத்து கறுத்தவனைத் தினமும் பாடுகிறவன் நான். பிள்ளைகள் நஞ்சு உண்கிறபோது, பாடுகிற வாய் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? கேள்வி எழுந்ததும் குழப்பம் தீர்ந்தது.

5. பின்வாங்கிய ஓர் அடி

வெள்ளிக்கிழமை காலை காப்புக் கட்டினார்கள். நண்பகலில் மணி அடித்தது. ஓர் அடுப்பும் அணையவில்லை.

அன்று எண்ணெய்த் துரை தாமே டிராலியில் ஏறியிருந்தார். கிராணி ஐயாவும் உடன். ஐந்தாம் பாட்டில் நான் பாதி பிரேக் பிடித்தபோது லயம் கண்ணில் பட்டது. வாசலுக்கு ஒருவராக, இரு வரிசையிலும் பெண்கள், மஞ்சள் துணி உடுத்து, கையில் தீச்சட்டி ஏந்தி நின்றார்கள். தண்டவாளத்தில் ஒருவரும் இல்லை. முழுப் பிரேக்கையும் பிடித்தேன். பொறி பறக்காமலிருக்க அன்று கட்டைகளுக்கு நனைந்த சாக்கைச் சுற்றியிருந்தேன். முதல் வீட்டுக்கு இருபது அடி முன்னால் டிராலி நின்றது.

எண்ணெய்த் துரை குதித்து இறங்கிக் கத்தினார். அஞ்சலை அக்கா சட்டியோடு ஓரடி முன்வந்து கிராணி ஐயாவைப் பார்த்தார்.

"நல்லா சொல்லுங்க கிராணி ஐயா. அவரு வண்டிய நாங்க தடுக்கல. தாராளமா வரட்டும். ஆத்தா நெருப்பும் இங்கதான் இருக்கும்."

"இதை இப்படியே சொன்னா என் கன்னம் போயிடும்மா," என்றார் கிராணி ஐயா.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல. சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒரு கன்னம் போயிற்று. விழுந்த தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு அவர் அதே இடத்தில் நின்றதை லயம் பல ஆண்டுகள் பேசியது.

எண்ணெய்த் துரை என் பக்கம் திரும்பி, பிரேக்கை விடு என்று சைகை காட்டினார். மூன்றாம் வீட்டு வாசலில் மீனாட்சி நின்றாள். அவள் கையில் சட்டி இல்லை. பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை விடவில்லை.

அவர் என்னை நோக்கிக் கையை ஓங்கிய அந்த நொடியில் அஞ்சலை அக்கா இன்னும் ஓரடி எடுத்து வைத்தார். மிரட்டுகிற நடை இல்லை, சந்நிதிக்குப் போகிற நடை. சட்டியில் சுவாலை ஒரு முழம் எழுந்தது. கரண்டியில் ஊற்றி எரித்துக் காட்டியவருக்கு அந்தச் சுவாலையின் அர்த்தம் எங்கள் அத்தனை பேரையும்விட நன்றாகத் தெரியும். அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

லயம் முழுதும் அதைப் பார்த்தது.

பின்வாங்கியவரின் முதுகு டிரம்மில் இடித்தது. தாங்கிக்கொள்ளக் கையை ஊன்றினார். எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். மூடியின் விளிம்பில் களியாக வழிந்திருந்ததை விரலால் எடுத்தார். அது நூலாக நீண்டது. அவர் முகம் வெளுத்ததைக் கண்டேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிராணி ஐயா தமிழாக்கத் தேவையே இல்லாத கேள்வி. இதைச் செய்தது யார்?

வேண்டுமென்றே கெடுத்தான் என்று கொண்டால் சயாம்கூட இல்லை, அங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பாட்டும் வரவில்லை.

"நான்தான் வெட்டுனேன்னு சொல்லுங்க ஐயா," என்றேன். "கெடுக்கணும்னு செய்யல. தெரியாம செஞ்சேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. ரப்பர் இதுக்கு ஆகாது, தோல்தான் வேணும். இன்னொண்ணும் சொல்லுங்க. சதுப்பு ஓரமா பழைய பாதை கெடக்கு. அதுல வீடு கிடையாது, அடுப்பு கிடையாது. நாலு நாள் குடுத்தா நாங்களே சரி பண்ணிடுறோம்."

வெள்ளைக்காரர் காலத்தில் கைவிடப்பட்ட பாதை அது. தண்டவாளம் இருந்தது, அதை அடியில் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் மக்கியிருந்தன. முதல் நாளே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்காமல் பேசுவது பிரேக்மேனுக்கு அழகில்லை என்று இருந்துவிட்டேன்.

எண்ணெய்த் துரை விரலில் ஒட்டியிருந்த களியைச் சட்டையில் துடைத்தார். அந்த வாஷருக்குத் தலையசைத்தவர் அவர்தானே. அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். நான்கு விரலைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டி, வடக்கே கையை நீட்டினார். முடியாவிட்டால் எனக்குச் சயாம்.

6. நான்கு நாள்

அந்த நான்கு நாளும் நான் பூமியில் நடந்ததாகவே நினைவில்லை. காப்புக் கட்டிய கைகளோடு பெண்கள் சதுப்பு ஓரப் புல்லை வெட்டித் தள்ளினார்கள். ஆண்கள் பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்துக் கட்டை அறுத்தார்கள். ரப்பர் மரம் சீக்கிரம் மக்கும், ஆனாலும் ஆறு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். கங்காணி யாரையும் விரட்டவில்லை. முதல் கட்டையை அவரே தோளில் தூக்கினார். வலது கன்னம் வீங்கிய கிராணி ஐயா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணிப் பெட்டியைச் சுமந்தார். "கன்னம் எப்படி இருக்குங்க?" என்று அஞ்சலை அக்கா கேட்டதற்கு, "இன்னொண்ணு இருக்கும்மா," என்றார். பாதை நெடுகச் சிரிப்பு எழுந்தது.

தோல் எங்கே கிடைக்கும் என்று தேடினோம். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இரண்டு ஜோடி முழங்கால் பூட்ஸ் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. தோலைத் தொடாத சைவன் நான், அவற்றை மடியில் வைத்து வட்டம் வட்டமாக வெட்டினேன். எண்ணெயில் ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வைத்துப் பார்த்தேன். குழையவில்லை.

நான்காம் நாள் நண்பகல், எண்ணெய்த் துரை பின்பலகையில் என் பக்கத்தில் நிற்க, பழைய பாதையில் இறங்கினேன். புதுக் கட்டைகள் ஒவ்வொன்றும் முனகின. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று என் பாட்டுக்குத் தெரியாத வழி. ஐந்தாம் பாட்டில் மேடு வந்தது; எட்டாம் பாட்டில் சேற்று நாற்றம். பதினோரு பாட்டும் தீர்ந்தும் சைடிங் வரவில்லை. முதற்பாட்டிலிருந்து மறுபடி எடுத்தேன். இரண்டாம் சுற்றின் மூன்றாம் பாட்டில் டிராலி வந்து நின்றது. ஒவ்வொரு டிரம்மின் வாயிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. எண்ணெய்த் துரையும் வைத்துப் பார்த்தார். உள்ளங்கையை முகர்ந்துவிட்டு இறங்கிப் போனார்.

சண்டை முடிந்தபின் முப்பது ஆண்டுகள் ரயில் யார்டுகளில் வேலை பார்த்தேன். எண்ணெய் வேகன் போகிற ஒவ்வொரு புதுப் பாதையிலும், வேலை தொடங்குமுன் ஓரத்து வீடுகளுக்கு நடந்து போய், உங்களுக்கு ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்பேன். மேலதிகாரிகள் சிரிப்பார்கள். என் கையில் இருந்தது ஒரு பிரேக். பாதையோரத்தில் இருந்தவர்களுக்கு மூக்கும் கண்ணும் இருந்தன, பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அறிவார்கள். கேட்காமலிருந்ததே என் முதல் பிழை, வாஷர் இரண்டாவதுதான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவே.

அந்த நான்காம் நாளில் சைடிங்கிலிருந்து நடந்து திரும்பினேன். பழக்கத்தில் யாரோ பிரட்டுக் களத்து மணியை அடித்துவிட்டார்கள். லயத்து நுனியில் நின்று பார்த்தேன். இரண்டு வரிசையிலும், வாசல்தோறும், புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மணி ஓயும் வரை அடித்தது. மீனாட்சி தலையை நிமிர்த்திக் கேட்டாள். பிறகு குனிந்து அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.